கல் விழுந்த இடம்

போன மாசி மாதம் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு பனைமரத்தின் உயரத்தை அளந்தேன். கிழக்கே நின்று அளந்ததில் 61½ அடி வந்தது. மேற்கே போய் நின்று அளந்ததில் 50 அடி வந்தது. அரை மணி நேரத்தில் ஒரு பனை பதினொன்றரை அடி குறைந்துவிடாது. கோணத்தைச் சரியாகத்தான் பார்த்தேன், தூரத்தை டேப் வைத்துத்தான் அளந்தேன், பெருக்கலைச் செல்போனில் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். இரண்டு விடைகளும் அசையவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகும் பல நாள் இந்தக் கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் நடுவே, செம்மணல் மேடுகளான தேரிக்காட்டின் ஓரத்தில் இருக்கிறது. மாவட்டக் கணக்கில் 1986-லேயே தூத்துக்குடியோடு சேர்ந்துவிட்டோம். பேச்சிலும் சாப்பாட்டிலும் சம்பந்தம் பண்ணுவதிலும் இன்றைக்கும் திருநெல்வேலிச் சீமைதான். சித்தப்பாவின் விளையில், அதாவது பனந்தோப்பில், நாற்பது பனைக்கு மேல் நிற்கிறது. அதில் கிழக்கு வரப்பை ஒட்டி நிற்கும் ஒரு மரத்தின் மேல்தான் வழக்கு. அந்த வரப்புக்கு அந்தப் பக்கம் கீழ வீட்டு அண்ணாச்சி சில வருஷங்களுக்கு முன் வீடு கட்டி, முன்னால் தகர ஷீட் போட்டுத் தாழ்வாரம் இறக்கியிருக்கிறார். மரம் அவர் வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழையில் மரத்தடி மண் கொஞ்சம் அரித்துப் போனது. அதிலிருந்து அண்ணாச்சிக்குக் காற்றடித்தால் நெஞ்சு படபடக்கும். பேரப்பிள்ளைகள் அந்தத் தாழ்வாரத்தில்தான் படுக்கிறார்கள். அவர் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சித்தப்பாவுக்கு வேறு நியாயம். அது நல்ல பாளை விடும் மரம். அவருடைய அப்பா காலத்து வடலி. 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலிருந்து பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் ஆகியிருக்கிறது. அண்ணாச்சி மனு எழுதத் தயாராக இருந்தார். மனுவில் ‘மரம் விழுந்தால் வீட்டின் மேல் விழும்’ என்று எழுத வேண்டும். விழுமா என்பதுதான் கேள்வி. மரத்தடியிலிருந்து அவர் வீட்டுச் சுவர் வரை டேப் பிடித்தோம், 60 அடி. இனி மரத்தின் அளவு தெரிந்தால் போதும். “நான் அளந்து சொல்றேன் அண்ணாச்சி, பத்தாம் வகுப்புக் கணக்குதான்” என்று நானாகத்தான் முன்வந்தேன்.

சித்தப்பா மகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்தேன். அதன் நேர்விளிம்பில் ஒரு ஸ்ட்ராவை ஒட்டி, நடுத்துளையில் நூல் கட்டி, நுனியில் ஒரு இரும்பு நட்டைத் தொங்கவிட்டேன். ஸ்ட்ரா வழியாக மரத்தின் தலையில் ஓலை விரியத் தொடங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். நூல் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதை இன்னொருவர் படிக்க வேண்டும். 90-லிருந்து அதைக் கழித்தால் ஏற்றக்கோணம். கிழக்கே, அதாவது அண்ணாச்சி வீட்டுப் பக்கம், மரத்தடியிலிருந்து சரியாக 50 அடியில் நின்றேன். 48½ பாகை. அதன் டேன்ஜென்ட், அதாவது கண்மட்டத்துக்கு மேலுள்ள உயரத்தைத் தரைத் தூரத்தால் வகுத்தால் வரும் எண், 1.13. ஐம்பதால் பெருக்க 56½. என் கண் தரையிலிருந்து 5 அடி உயரத்தில் இருப்பதால் அதையும் கூட்ட 61½. சுவர் 60 அடியில் இருக்கிறது. அண்ணாச்சி வாய் பேசவில்லை, சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

“எங்க பக்கம் வந்தும் ஒரு தடவ பாரு” என்றார் சித்தப்பா. விளைக்குள் மேற்கே 50 அடி நடந்து நின்று பார்த்தேன். 42 பாகை. டேன்ஜென்ட் 0.90. பெருக்கினால் 45, கண் உயரத்தோடு 50. இப்போது மரம் சுவரைத் தொடப் பத்தடி மிச்சம். சித்தப்பா முகம் மலர்ந்துவிட்டது. அண்ணாச்சிக்கு 61½, சித்தப்பாவுக்கு 50. அவரவருக்குத் தேவையான எண்ணை நானே அளந்து அவரவர் கையில் கொடுத்திருந்தேன். வேடிக்கை பார்க்க வந்த ஒருவர், “ரெண்டுக்கும் நடுவுல வச்சுக்கிடுங்களேன்” என்றார். ஊர்ப் பஞ்சாயத்தில் வழக்கமாகச் சொல்வதுதான். அப்படி வைத்தால் 55¾ வரும். எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. எங்கே பிழை என்று தெரியாமல் இரண்டு பிழைகளை நடுவில் சந்திக்க வைத்தால், வருகிற எண்ணை எப்படி நம்புவது?

பனையேறி பார்த்த படம்

மறுநாள் விடியும்போது விளைக்குப் போனேன். அந்த மரத்தில் ஏறுகிற தாத்தா ஏற்கெனவே நான்கைந்து மரம் இறங்கி, பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலிப் பக்கம் பதநீரை வடிகட்டிக்கொண்டிருந்தார். எழுபதைத் தொட்டவர். உறவுமுறை ஒன்றும் இல்லை, ஊரில் எல்லாருக்கும் தாத்தா. நான் கையில் வைத்திருந்த தாளைக் கேட்டு வாங்கினார். அதில் நான் வரைந்திருந்த படம் நீங்கள் எல்லாரும் வரைந்த படம்தான். கீழே ஒரு தரைக்கோடு. நட்டக்குத்தலாக ஒரு கோடு, அது மரம். சாய்வாக ஒரு கோடு, அது பார்வை. மூலையில் செங்கோணத்துக்கு ஒரு குட்டிச் சதுரம்.

“இது எந்த மரம்?” என்று கேட்டார்.

“வரப்பு மரந்தான் தாத்தா.”

“அது இல்லயே இது. இது நிமுந்துல்லா நிக்கு.”

அவர் சொன்னதைக் கேட்டு ஒரு நிமிஷம் பேசாமல் நின்றேன். மரம் சாய்ந்திருக்கிறது என்பதுதானே வழக்கே. அண்ணாச்சி சொன்னது அது, சித்தப்பா மறுக்காதது அது, ஊருக்கே தெரிந்தது அது. என் தாளில் மட்டும் அந்த மரம் நிமிர்ந்து நின்றது. சூத்திரத்துக்கு ஒரு செங்கோணம் வேண்டியிருந்தது, நான் மரத்தை நிமிர்த்திக் கொடுத்துவிட்டேன். இதில் இன்னொன்றும் இருக்கிறது. மரம் கிழக்கே சாய்ந்திருக்கிறது. நான் நின்றது நேர் கிழக்கிலும் நேர் மேற்கிலும். சாய்கிற திசையிலேயே நின்று பார்த்தால் சாய்ந்த மரமும் நேராகத்தான் தெரியும். வடக்கே விடிலியில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்தது, கோணமானியை வைத்துக்கொண்டு நின்ற எனக்குத் தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

“இரு, காட்டுதேன்” என்று சொல்லி ஒரு நூல்கயிற்றுச் சுருளை அரிவாள்பெட்டிக்குள் போட்டுக்கொண்டார். தளைநாரைக் காலில் மாட்டி, முருக்குத்தடியைச் சாய்த்து வைத்து ஏறினார். அந்த வயதில் அந்த ஏற்றத்தைப் பார்க்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவருக்கு அது தினமும் காலையும் மாலையும் செய்கிற வேலை. ஓலை விரியும் இடத்துக்குப் போனதும் கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டி மெதுவாகக் கீழே விட்டார். கல் ஆடி ஆடி இறங்கியது. காற்று நிற்கும்வரை பிடித்துக்கொண்டே காத்திருந்தார். கடைசியில் அது செம்மண்ணைத் தொட்ட இடம் மரத்தின் தூரிலிருந்து கிழக்கே ஐந்தரை அடி தள்ளி இருந்தது. ஒரு சாண் அளவு தெற்கேயும் விலகியிருந்தது.

அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். மரத்தின் உச்சிக்கு நேர் கீழே மரம் இல்லை. வெறும் தேரிமண் இருந்தது, ரெண்டு உலர்ந்த பாளைத்துண்டும் கிடந்தன. உயரம் என்று நான் அளக்கப் போனது அந்த வெறும் மண்ணிலிருந்து தொடங்குகிறது. நான் டேப்பைப் பிடித்ததோ மரத்தின் தூரிலிருந்து. பள்ளிக்கூடத்தில் ‘மரத்தின் அடி’ என்ற சொல் இந்த இரண்டு இடங்களையும் ஒன்றாக்கி வைத்திருந்தது. நேராக நிற்கிற மரத்துக்கு அது பொருந்தும். இந்த மரத்தில் ரெண்டுக்கும் நடுவே ஐந்தரை அடி.

கல் விழுந்த இடத்தில் ஒரு முளை அடித்துவிட்டு மறுபடி தூரத்தை அளந்தேன். முளையிலிருந்து நான் கிழக்கே நின்ற இடம் 44½ அடி. மேற்கே நின்ற இடம் 55½ அடி. கோணங்கள் அதே கோணங்கள்தான். 44½-ஐ 1.13 ஆல் பெருக்கினேன், 50 அடி சொச்சம். 55½-ஐ 0.90 ஆல் பெருக்கினேன், ஏறக்குறைய 50. முந்தின நாள் பதினொன்றரை அடி முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு விடைகள் ஒரே எண்ணில் வந்து உட்கார்ந்தன. கண் உயரத்தையும் சேர்த்தால் 55. தாத்தா இறங்கியதும் கயிற்றை நீட்டி டேப்பில் வைத்துப் பார்த்தோம். 54 அடி 8 அங்குலம். நாலு அங்குலம் வித்தியாசத்தை நான் பொருட்படுத்தவில்லை. அந்தத் தூரத்தில் கோணத்தை ஒரு பாகை தப்பாகப் படித்தாலே ஒன்றேமுக்கால் அடி மாறிவிடும், நூலில் தொங்கும் நட்டு அரைப் பாகைக்குக் குறைவாக எதையும் சொல்லாது.

அடியைத் தொடாமல் அளப்பது

அன்றைக்குச் சாயந்திரம்தான் இன்னொன்று பிடிபட்டது. தாத்தா ஏறாமலே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். நான் நின்ற இரண்டு இடங்களுக்கும் இடைவெளி 100 அடி. உச்சியிலிருந்து தொங்குகிற கற்பனைக் கயிறு அந்த நூறடியை எங்கோ ஓரிடத்தில் இரண்டாக வெட்டுகிறது. கிழக்குத் துண்டு என்பது உயரத்தை 1.13 ஆல் வகுத்தது. மேற்குத் துண்டு உயரத்தை 0.90 ஆல் வகுத்தது. இரண்டும் சேர்ந்தால் நூறு. ஒன்றை 1.13 ஆல் வகுத்தால் 0.885. ஒன்றை 0.90 ஆல் வகுத்தால் 1.11. கூட்டினால் கிட்டத்தட்ட இரண்டு. நூறை அதால் வகுத்தால் 50 அடி சொச்சம். உயரம் வந்துவிட்டது. அதை வைத்துப் பின்னோக்கிப் போனால் சாய்வும் வந்துவிடும், ஐந்தரை அடிக்குச் சற்று மேல். இந்தக் கணக்கில் மரத்தின் தூர் எங்கேயும் வரவில்லை. எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. மரம் எங்கிருந்து முளைத்தது என்று கேட்காமலே அதன் உயரத்தைச் சொல்ல முடிகிறது.

நடுவில் வைத்துக்கொள்ளச் சொன்னவரின் 55¾-உம் பக்கத்தில்தானே வந்தது என்று நீங்கள் கேட்கலாம். சாய்வு குறைவாக இருந்ததால் வந்தது. இதே மரத்தின் தலை இருபது அடி சாய்ந்திருந்தால், கண்மட்டத்துக்கு மேலே உள்ள உயரம் கிழக்கிலிருந்து 83 அடியாகவும் மேற்கிலிருந்து 36 அடியாகவும் காட்டியிருக்கும். நடுவில் வைத்தால் ஏறக்குறைய 60. உண்மை அப்போதும் 50 தான்.

உண்மையில் பெரிய அளவைகள் எல்லாம் இப்படித்தான் நடந்திருக்கின்றன. பொதிகை மலையின் உச்சி 1,868 மீட்டர் என்கிறோம். அந்த உச்சிக்கு நேர் கீழே உள்ள அடி மலையின் வயிற்றுக்குள் இருக்கிறது. அங்கே யார் போய் டேப் பிடிக்க முடியும்? சமவெளியில் நீளம் தெரிந்த ஒரு கோடு வேண்டும், அதன் இரண்டு முனைகளிலிருந்தும் கோணம் வேண்டும். 1802-இல் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னையில் பரங்கிமலைப் பக்கம் அப்படி ஒரு கோட்டைத்தான் முதலில் அளந்தார். ஏழரை மைல் கோடு. நூறடிச் சங்கிலியை நானூறு தடவை வைத்து வைத்து அளந்து முடிக்க 57 நாள் ஆயிற்று. வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் அதை மரப்பெட்டிக்குள் கிடத்தி, வெப்பமானி வைத்துப் பார்த்துப் பார்த்து அளந்தார்கள். அங்கிருந்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு குமரிவரை வந்தார்கள். கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். மேடில்லாத சோழநாட்டுச் சமவெளியில் கோயில் கோபுரங்களின் மேலே அதை ஏற்றினார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் 1808-இல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் அதைத் தன் கையாலேயே ஆறு வாரம் உட்கார்ந்து நிமிர்த்தினார். அதே அளவைப் பணியில் பிற்பாடு வங்காளக் கணிதர் ராதாநாத் சிக்தார் எவரெஸ்ட்டின் உயரத்தைக் கணக்கிட்டதும், நூறு மைலுக்கு அப்பால் சமவெளியில் நின்று பார்த்த கோணங்களை வைத்துத்தான். 1856-இல் வெளியான அந்த எண் 29,002 அடி. அந்த மலையின் அடியை அவர்களில் ஒருவரும் மிதித்ததில்லை.

57 நாள் என்பதை முன்பு படித்தபோது, அளவைக்காரர்களின் அதீத கவனம் என்று நினைத்து நகர்ந்துவிட்டேன். கல் விழுந்ததைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. மேலே பார்க்கிற கோணத்துக்குத்தான் நாம் எல்லாப் பெருமையும் கொடுக்கிறோம். தரையில் எங்கிருந்து எதுவரை அளக்கிறோம் என்பதைச் சாதாரண வேலையாக நினைத்துவிடுகிறோம். நான் தப்பு செய்தது தரையில்தான்.

பாளையங்கோட்டையில் நான் படித்த பள்ளியில் பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் பாடம் பத்து நாளில் முடிந்துவிட்டது. கோணம் எப்போதும் 30, 45, 60 தான். கோபுரம் ஒரு கோடு, மரம் ஒரு கோடு, கலங்கரை விளக்கம் ஒரு கோடு. ஜன்னலுக்கு வெளியே மரங்கள் நின்றன. எட்டி நடக்கிற தூரத்தில் ஊசிக்கோபுரம் இருந்தது, 1826-இல் மிஷனரி ரேனியஸ் கட்டிய தேவாலயம். ஒருநாள்கூட எங்களை வெளியே கூட்டிப்போகவில்லை. ஆசிரியர் மேல் குற்றமில்லை, பாடம் முடிக்கிற அவசரம் அவருக்கு. ஆனால் போயிருந்தால் முதல் நாளே முட்டியிருப்போம். ஊசிக்கோபுரத்தின் நுனிக்கு நேர் கீழே உள்ள புள்ளி கட்டடத்துக்குள் இருக்கிறது, வெளிச்சுவர் வரை டேப் பிடித்தால் விடை குறையும். நெல்லையப்பர் கோயில் கோபுரத்தின் முன் நின்றாலும் அதே கதை. கலசத்துக்கு நேர் கீழே என்பது வாசல் நடைபாதையின் நடுவில், கோபுரத்தின் உடம்புக்குள் இருக்கிறது. பாதி அகலத்தையும் சேர்த்து அளக்க வேண்டும் என்று ஒரு பிள்ளையாவது கேட்டிருக்கும். என்னைக் கேட்டால், இந்தப் பாடத்தை நடத்தும் ஒவ்வொருவரும் பிள்ளைகளைச் சாய்ந்த பனை ஒன்றுக்குக் கூட்டிப்போய் இரண்டு பக்கமும் அளக்கவிட வேண்டும். இரண்டு விடை வரட்டும். ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டட்டும். நம் பக்கத்தில் சாய்ந்த பனைக்கா பஞ்சம்?

சரி, வழக்கு என்ன ஆயிற்று? விழும்போது தரையில் படுவது உயரம் இல்லை, மரத்தின் நீளம். சாய்வைச் சேர்த்தாலும் நீளம் 55 அடிதான் வருகிறது, சாய்வு அவ்வளவு குறைவு. ஆக, வேரோடு விழுந்தாலும் தடி சுவருக்கு ஐந்தடி முன்னால் நின்றுவிடும். ஆனால் நான் அளந்தது ஓலை விரியும் இடம் வரைதான். அதற்கு மேல் மட்டையும் ஓலையுமாக ஏழடி இருக்கிறது. அது சுவரைத் தாண்டும், சுவருக்கு முன்னால் இறக்கிய தாழ்வாரம் அதற்கும் முன்னாலேயே இருக்கிறது. இதை அப்படியே இரண்டு பேரிடமும் சொன்னேன். சித்தப்பா, “அப்ப அவன் பயந்தது வெறும் பயம் இல்ல” என்றார். அவர் வாயிலிருந்து அது வரும் என்று நான் நினைக்கவில்லை. அண்ணாச்சி தகர ஷீட்டை ஆறடி உள்ளே இழுத்துக்கொள்வதாகச் சொன்னார். தூரில் மண் அணைத்துக் கல் அடுக்குவதும், வருஷா வருஷம் கிழக்குப் பக்கத்து ஓலையைக் கழித்துவிடுவதும் சித்தப்பா பொறுப்பு. மனு எழுதப்படவில்லை.

சித்திரை விசுவுக்கு மறுபடி ஊருக்குப் போனேன். இரண்டு மூன்று நாள் முன்னாலேயே போய்விட்டேன், அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊர் அட்சரேகையில் வருஷத்தில் இரண்டு தடவை சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும். ஒன்று ஏப்ரல் 11, 12 வாக்கில், இன்னொன்று ஆகஸ்ட் முடிவில். கடிகாரம் பன்னிரண்டு இருபதைத் தொடும்போது விளையில் போய் நின்றேன். நான் அடித்த முளைக்கு நிழலே இல்லை. நேராக நின்ற பனைகள் எல்லாம் தலைநிழலைத் தங்கள் தூரைச் சுற்றியே போட்டுக்கொண்டு நின்றன. வரப்பு மரத்துக்கு மட்டும் தூரிலிருந்து கிழக்கே ஐந்தரை அடிக்கு ஒரு நிழல் கிடந்தது. அதன் முனையில், முளையைச் சுற்றி, ஓலைநிழல் வட்டமாக விரிந்திருந்தது. தாத்தா அப்போதுதான் வேலை முடித்து விடிலியிலிருந்து வந்தார். தோளில் கிடந்த தளைநாரை முளையில் மாட்டிவிட்டு அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்து, என்னையும் உட்காரச் சொன்னார்.